ஜன்னலுக்கு எதிரே ஒரு பாறை

சில வருடங்களுக்கு முன்பு ஹைதராபாத் குகட்பள்ளியில் குடியிருந்தபோது நடந்தது இது. எனக்கு அப்போது ஏழாம் மாதம். கணவருக்கு ஐ.டி. வேலை, நானும் வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்த காலி மனையில் அடுக்குமாடி கட்ட ஆரம்பித்தார்கள். இந்த ஊரில் எங்கே தோண்டினாலும் பாறைதான். அதை உடைக்கும் இயந்திரம் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை தடதடவென்று அதிரும். அலமாரியில் டம்ளர்கள் நடுங்கும். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் தூசி. தூக்கம் போனது, தலைவலி வந்தது. மாசமாக இருந்தால் இப்படித்தான் இருக்கும் போல என்று விட்டுவிட்டேன்.

வழக்கமான பரிசோதனைக்குப் போயிருந்தேன். டாக்டரம்மாவுக்கு என் அரைகுறைத் தெலுங்கில் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நான் பக்கத்துலதானேம்மா இருக்கேன்? எதுக்கு இப்படிக் கத்துறீங்க?” என்றார்.

நான் கத்துகிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை! இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி அதுவே பழகிவிட்டிருந்தது. கதவுக்கு வெளியே காத்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். வீட்டைப் பற்றி விசாரித்தபடியே ரத்த அழுத்தம் பார்த்தவரின் முகம் மாறியது. மறுபடியும் பார்த்தார். ஸ்கேனில் குழந்தையின் எடையும் குறைவு.

“வீட்டுக்குப் போக வேண்டாம். இப்பவே அட்மிட் ஆகிடுங்க.”

சத்தம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தூக்கமில்லாமையும் ஓயாத படபடப்பும் பிபியை ஏற்றிவிடும் என்றார்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் இதே ஊர் மெட்டுகுடாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்தி. குறைமாதத்தில் பிறந்த அவள் மகள் இன்குபேட்டரில் இருந்தாள். பேச்சுவாக்கில் என் தெருவைச் சொன்னதும் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“ஹவ், ஆமா அக்கா! அந்தப் பாறை உடைக்கிற இடம்தானே? அதுக்குப் பின்னாலதான் எங்க வீடு. எனக்கும் பிபி ஏறித்தான் குழந்தையை முன்னாடியே எடுத்தாங்க.”

சட்டென்று அவளே, “எங்க எதிர்வீட்டுப் பொண்ணுக்கு அஞ்சாம் மாசம் அக்கா” என்று பதறி, உடனே அவளுக்குப் போன் போட்டாள். அந்தப் பெண் மறுநாளே தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

எங்கள் கணவர்மார் இருவரும் காலனிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பில்டரிடம் போனார்கள். முதலில் சிரித்தவர், மாநகராட்சியில் புகார் கொடுத்த பிறகு நேரத்தைக் குறைத்து, தூசிக்குத் தண்ணீர் தெளிக்க ஒத்துக்கொண்டார். நான் அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை. நகரின் இன்னொரு பக்கம், போலாரத்தில் அமைதியான ஒரு சந்தில் வீடு பார்த்தோம். மகன் ஒல்லியாகத்தான் பிறந்தான். ஆனால் வீறிட்டு அழுதான். அவள் மகளும் தேறி வீடு வந்து சேர்ந்தாள்.

கர்ப்பிணியைப் பார்த்தால் எல்லோரும் என்ன சாப்பிட்டாய் என்றுதான் கேட்கிறார்கள். நான் மட்டும் இன்றுவரை, உன் வீட்டைச் சுற்றி என்ன நடக்கிறது, ராத்திரி தூங்கினாயா என்றுதான் முதலில் கேட்கிறேன்.