சவிரி சொல்லாத வழி

2009 மே 20, புதன்கிழமை. காலை எட்டு மணிக்குச் சற்றுப் பின், டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் ஒடென்சே ரயில் ஏறினோம். ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். கூட வந்தவர் சவிரிமுத்து. மன்னார்க்காரர், தொழிற்சாலை வேலை, இருபது வருடப் பழக்கம். நெஞ்சுவலிக்காக மருத்துவமனைக்குப் போகிறார், துணைக்கு நான்.

இலங்கையில் போர் முடிந்துவிட்டதென்று இரண்டு நாட்களுக்கு முன் அறிவித்திருந்தார்கள். பெட்டியில் யாருக்கும் அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. மார்ச்சில் எடுத்த படத்தில் சவிரியின் இதயக் குழாய்கள் சுத்தமாக இருந்தன. செய்தி பார்த்துத்தான் நெஞ்சு நோகிறது என்று எல்லோரும் சொன்னோம். நானும்தான்.

பாலத்தில் ஏறியதும் கீழே கடல் பளபளத்தது.

"கொச்சபம்பாவிலயும் ஒரு பாலம், அண்ணை. பஸ் ஏறேக்குள்ள ஆடும்" என்றார் சவிரி.

"அது எங்கையடா?"

"பொலிவியா. ஐரோப்பாவுக்கு எண்டு கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் அங்க விட்டிட்டுப் போயிட்டான். பதினொரு மாசம் ஒரு குடும்பம் சோறு போட்டுது. மண் வீடு. இரவில பூச்சி மூஞ்சையில கடிக்கும், எங்கட மூட்டைப்பூச்சி அதுக்குக் கிட்டவும் வராது." சிரித்தவர் உடனே குரலைத் தாழ்த்தினார். "மனிசிக்கும் தெரியாது. அகதி விசாரணையில பொலிஸுக்குக் கொழும்பிலயிருந்து நேர வந்தனான் எண்டுதான் சொன்னனான்."

ஒடென்சேயில் பஸ் பிடித்து ஒன்பதரைக்கு மருத்துவமனை சேர்ந்தோம். மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. படங்களைப் பார்த்துவிட்டு, எந்தெந்த நாடுகளில் வாழ்ந்தீர்கள் என்று கேட்டார்.

"இலங்கை, டென்மார்க்" என்றார் சவிரி டெனிஷில்.

நான் அவரைப் பார்த்தேன். "மற்றதையும் சொல்லு."

"நேர வந்தனான் எண்டெல்லோ பொலிஸுக்குச் சொன்னனான், அண்ணை. பாஸ்போட்டைப் பறிச்சாங்கள் எண்டால்?"

"இவ பொலிஸே? கழுத்தில கிடக்கிறதைப் பார்."

கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கியது. சவிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பொலிவியா" என்றார்.

மருத்துவரின் நாற்காலி எங்கள் பக்கம் திரும்பியது. மண் சுவரா? இரவில் பூச்சி கடித்ததா? எல்லாவற்றுக்கும் ஓம். சவிரி சொன்னது இந்த அறையைத் தாண்டாது என்று மருத்துவர் முதலில் உறுதி கொடுத்தார். பிறகு நிதானமாக விளங்கப்படுத்தினார். அந்தப் பூச்சி பரப்பும் ஒட்டுண்ணியால் வருவது சாகாஸ் நோய். பல வருடம் பேசாமல் இருந்துவிட்டு இதயத்தைத் தாக்கும். மயிரிலும் மெல்லிய இரத்தக் குழாய்களும் கெட்டுப்போகும். அவை படத்தில் விழாது. பெரிய குழாய்கள் சுத்தமாக இருந்தும் நெஞ்சு நோவது அதனாலும் இருக்கலாம். சோதித்துப் பார்க்க இரத்தம் எடுத்தார்கள்.

மருத்துவர் சரியாகவே நினைத்திருந்தார் என்று ஜூனில் வந்த சோதனை முடிவில் தெரிந்தது. கெட்டதை முழுதாகத் திருத்த முடியாது. ஆனால் மருந்து தொடங்கியபின் சவிரி நெஞ்சு நோகாமல் படி ஏறுகிறார். இருபது வருடம் பிந்தியென்றாலும் அந்தக் கேள்வியைக் கேட்ட பெண்மணிக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்தப் புதன்கிழமை பிற்பகல் திரும்பும் ரயிலில் சவிரி மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார்.

"ஓம், சுகமா வாறன். கேளும், நான் நேர வரேல்லை. பொலிவியாவில இருந்தனான்... இல்லையப்பா, பொம்பிளை ஒண்டும் இல்லை! ஒரு குடும்பம். பேர் சொல்லுறன், எழுதும். இண்டைக்குச் செபத்தில அவையளையும் சேர்ப்பம்."

பெட்டி முழுக்கக் கேட்கும்படி ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ரயில் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தது.