மில்லில் அப்பாவின் இடம்

எங்கள் அம்மா சின்னப்பொண்ணு வாய் திறந்து சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் வீட்டிலிருக்கிற பித்தளைப் பாத்திரங்களை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டுப் புளி வைத்துத் தேய்ப்பாள். மில்லிலிருந்து வருகிற அப்பா, வாசலில் சொம்பு பளபளப்பதைக் கண்டால் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி உள்ளே நுழைவார். அவர் மீசைக்கும் அந்தப் பயத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

முதலியார்பேட்டையில் பஞ்சாலைக்குப் பின்னால் எங்கள் தெரு. அப்பா ராஜாங்கம் தறி ஓட்டினார். தெருவில் அநேகமாக எல்லா ஆண்களும் மில்லில்தான். அந்த மில்லில் ஒரு சட்டம் உண்டு. உடம்புக்கு முடியாமல் வேலையை விடுகிறவர், கணக்குத் தீர்க்கிற அந்த மாதத்துக்குள் தன் வீட்டு ஆள் ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்தினால் அந்த ஆளுக்கு வேலை கிடைக்கும். மாதம் தாண்டினால் போச்சு. இதற்கு ‘இடம்’ என்று பேர். நிலம் நீச்சு உள்ளவர்கள் நிலத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி நாங்கள் இடத்தைப் பற்றிப் பேசுவோம். சம்பந்தம் பேச வருகிறவர்கள்கூட, “பையனுக்கு எடம் இருக்குதா?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். தொட்டிலில் கிடக்கிற ஆண் குழந்தையைப் பார்த்து, “தறிக்காரரு வந்துட்டாரு” என்று கொஞ்சுவார்கள். அதில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியபோது, அண்ணன் கலியபெருமாளுக்குப் பத்து வயது. பிள்ளையைப் பிரெஞ்சு வகுப்பிலேயே விடுவதா, இங்கிலீஷுக்கு மாற்றுவதா என்று வீட்டுக்கு வீடு யோசனை. பக்கத்துத் தெருவில் ஒரு சொல்தா வீடு இருந்தது. சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அங்கே யோசிக்கவே இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் பாரீசுக்குக் கப்பல் ஏறுவதற்கென்றே பிறந்தவர்கள். வக்கீல் வீட்டுக்காரர்கள் மெட்ராசை மனதில் வைத்து மாற்றினார்கள். எங்கள் அப்பாவும் மாற்றினார். ஏன் தெரியுமா?

“இனிமே மில்லுல பெரியவனுங்க இங்கிலீஷ்லதான் திட்டுவானுங்க. இன்னா திட்றானுங்கன்னு நம்ம பையனுக்குப் புரியணும் இல்ல?”

இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். கூடவே அவர் மேல் கொள்ளை ஆசையும் வரும். தன் கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் மனுஷன் பிள்ளைக்கு நல்லதுதான் பார்த்தார்.

அண்ணனுக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. அறுபத்தொன்றில் அவன் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதினான். பரீட்சைக்கு முன்னால் ஒரு நாள், அவன் கூடப் படித்த குத்புதீன் எங்கள் வீட்டுக்கு வந்து வகுப்பில் நடந்ததைச் சொல்லிச் சிரித்தான். ஊரில் புதிதாகக் காலேஜ் திறக்கப் போகிறார்கள், போகிறவர்கள் எல்லாம் கையைத் தூக்குங்கள் என்று வகுப்பு வாத்தியார் நாராயணசாமி சொன்னாராம். முதல் கை வக்கீல் மகன் சக்கரபாணியின் கை. கணக்கில் அவன் பாஸ் பண்ண வேண்டுமென்றால் மணக்குள விநாயகரே இறங்கி வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். அவன் தூக்கினான். குமாஸ்தா வீட்டுப் பையன்கள் தூக்கினார்கள். கணக்கில் முதலாவதாக வருகிற கலியபெருமாள் இரண்டு கையையும் பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். வாத்தியாரும், உனக்கு என்னப்பா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல மனுஷர்தான். மில்லுத் தெருப் பையன், இவனுக்கு இடம் இருக்கிறது என்று அவருக்கும் தெரியுமே!

“எனக்கு எங்க வாப்பாவோட லுங்கிக் கடை இருக்குது, இவனுக்கு மில்லு இருக்குது. எங்கள எதுக்குக் கேக்கப் போறாரு அத்தை?” என்றான் குத்புதீன். அவனுக்கு அது வேடிக்கை.

அம்மா அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். பிறகு பித்தளைக் குடத்தை முற்றத்துக்கு இழுத்தாள். அன்று குத்துவிளக்கு, தாம்பாளம், நான் சின்ன வயதில் விளையாடின சொப்பு வரைக்கும் ஒன்றும் தப்பவில்லை.

பரீட்சை முடிவு வந்தது. பள்ளிக்கூடத்திலேயே அண்ணன் முதல். தெருவே வீட்டுக்கு வந்து அவனுக்கு மாலை போட்டது. “இவ்ளோ படிச்ச பையன், சீக்கிரமே மேஸ்திரி ஆயிடுவான் பாரு” என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அதற்கு மேல் ஒரு வாழ்த்து அவர்களுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்ச நாளாகவே அவருக்குக் கண் மங்கி, தறியில் நூல் அறுந்தால் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. இதுதான் நேரமென்று அந்த மாதமே கணக்குத் தீர்த்துக்கொள்வதாக மில்லில் சொல்லிவிட்டார்.

மறுநாள் அம்மா அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

“காலேஜிக்குப் போவணும்னு உனக்கு இருக்குதாடா?”

“நமக்கு எதுக்கும்மா அதெல்லாம்?”

“அது பதில் இல்ல. வேணுமா, வேணாமா?”

அண்ணன் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டே நின்றான். “கணக்கு படிக்கணும்மா” என்றான். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவன் போல உடனே வெளியே போய்விட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பாவிடம் அம்மா சொன்னபோது அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “என் கண்ணு போச்சு. எடத்தையும் உட்டுட்டா நாலு பேரும் இன்னாத்த துன்றது? நீயே சொல்லு” என்றார். அம்மா வழக்கம்போல மத்தியானம் தூக்குப் பாத்திரத்தில் சோறு எடுத்துக்கொண்டு மில் வாசலுக்குப் போய் வந்தாள். மாதம் கரைந்துகொண்டே இருந்தது. அண்ணன் மில்லுக்குப் போட்டுக்கொண்டு போகக் காக்கி அரைக்கால் சட்டை தைத்தாகிவிட்டது. அவன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் அப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு அண்ணனை மில்லுக்கு அழைத்துப் போனார். நானும் வருகிறேன் என்று அம்மா கிளம்பினாள். அவர்கள் பின்னாலேயே நானும் போனேன். ஆபீஸ் ரைட்டர் மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

“ராஜாங்கம், உங்க வீட்டு ஆளு யாருப்பா?”

அப்பா அண்ணன் தோளில் கையை வைத்தார். அவர் வாய் திறப்பதற்குள் அம்மா ஒரு அடி முன்னால் வந்தாள்.

“நான்தாங்க.”

ரைட்டர் சிரித்துவிட்டார். “நீ தறி ஓட்டுவியாம்மா?”

“தறி ஓட்ட மாட்டேன். நூல் சுத்தற எடத்துல பொம்பளைங்க இருக்காங்க இல்ல, என்னை அங்க போடுங்க. வூட்டு ஆளுன்னுதான சட்டம்? ஆம்பள ஆளுன்னு இல்லியே.”

வாசலுக்குச் சோறு கொண்டு போகிறபோதெல்லாம் நூல் சுற்றுகிற பெண்களிடம் அவள் துருவித் துருவி விசாரித்து வைத்திருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ரைட்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. அவர் அப்பாவைப் பார்த்தார்.

“நீ இன்னாப்பா சொல்ற? நீ சொல்ற ஆளுக்குத்தான் எடம்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். அந்த மங்கின கண்ணில் எங்கள் முகம் எவ்வளவு தெரிந்ததோ எனக்குத் தெரியாது. வெளியே அவருடைய கூட்டாளிகள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். நாளைக்கு ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியும். அண்ணன் தோளிலிருந்து கையை எடுத்தார்.

“அவதாங்க எங்க வீட்டு ஆளு” என்றார்.

என் அப்பாவை அன்றைக்குப் போல நான் என்றைக்கும் நேசித்ததில்லை.

ஊர் பேசத்தான் பேசியது. பெண்டாட்டியை வேலைக்கு அனுப்பிவிட்டு மீசை முறுக்குகிறான் என்றார்கள். பதின்மூன்று வயதுப் பெண் இருக்கிறாளே, சந்திரகலாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி அடுப்படியைப் பார்க்கச் சொல்லக்கூடாதா என்று சொந்தக்காரர்கள் என் பக்கம் திரும்பினார்கள். “அவ படிக்கட்டும். வீட்ல ஒரு ஆம்பள சும்மாதான இருக்காரு” என்றாள் அம்மா. அப்பா மீன் கழுவக் கற்றுக்கொண்டார். அவர் வைத்த முதல் குழம்பை எங்கள் தெரு நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. கண் தெரியாமல் உப்பை இரண்டு முறை போட்டுவிட்டேன் என்று சாதித்தார். போகப்போக வஞ்சிரக் குழம்பில் அம்மாவையே மிஞ்சிவிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அண்ணன் பி.யு.சி. சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். சாயங்காலம் அம்மா தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்து உட்கார்ந்தாள். விரல்களில் நூல் அறுத்த கீறல்கள். அண்ணன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினான்.

“எனக்காகத்தான இவ்ளோ கஷ்டப்படற. நான் படிச்சி முடிச்சதும் மொத வேலையா உன்னை நிறுத்திடுவேம்மா.”

அம்மா கையை இழுத்துக்கொண்டாள். “ஏன்டா என்னை நிறுத்தற? நான் உன்கிட்ட அழுதனா? எனக்கு அங்க புடிச்சிருக்குது. அந்தப் பொம்பளைங்க, அந்தச் சத்தம், என் கையால சம்பளம் வாங்கறது, எல்லாந்தான். நான் வயசுக்கு வந்தப்பவே எனக்கு வேலைக்குப் போவணும்னு ஆசை.”

தெருவில் எத்தனையோ பேர் அம்மாவின் தியாகத்தைப் புகழ்ந்திருந்தார்கள். நாங்களும் அதைக் கேட்டுக் கண் கலங்கியிருந்தோம்.

“ஏம்மா இத்தினி வருஷமா சொல்லல?” என்றான் அண்ணன்.

“யாருடா கேட்டீங்க?”

அடுப்படியில் அப்பா கையில் கரண்டியோடு நின்றுவிட்டார். “நான் கேட்டிருக்கணும்” என்றார்.

அம்மா தட்டை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். “சரி, சோத்தைப் போடுங்க” என்றாள்.