ஆணியில் வளையல் இல்லாத நாள்

பழுது பார்த்த மோட்டார்களை ஆவடி இராணுவ முகாமில் இறக்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் பட்டறை ஆள் ஒருவர் சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"இஞ்சினீரம்மா பூட்டாங்க சார். கரெண்டு அட்ச்சிட்ச்சி."

"சுவிட்ச போட்டது யாரு?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். இரக்கமில்லாத கேள்வி என்று பிறகு சிலர் குறைபட்டார்கள். அது கனகவல்லி அம்மையார் அவர்களே கேட்டிருக்கக்கூடிய கேள்வி.

அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பௌதிகத்தில் பட்டம் பெற்றவர். கணவர் ரயில்வேயில் குமாஸ்தா. திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலேறி, அம்பத்தூரில் எங்கள் மோட்டார் பட்டறைக்கு வந்து சோதனைப் பிரிவை நடத்தினார்கள். ஆட்கள் கேலியாக வைத்த பெயர்தான் 'இஞ்சினீரம்மா'. ஒரு வருஷத்தில் கேலி போய், பெயர் மட்டும் நின்றது.

யுத்தத்தில் ஆண்கள் பட்டாளத்துக்குப் போய்விட, வேலைக்கு ஆள் இல்லை. அம்மையார் முதலாளியிடம் மன்றாடி மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். "கம்பி சுத்தச் சொல்லிக் கொடுத்தாப் போதுமே, கணக்கெல்லாம் எதுக்கு?" என்று நானே கேட்டேன். "சுத்தறவளுக்கு யுத்தம் முடிஞ்சா வேலை போயிடும் தம்பி. ஏன் சூடாகுதுன்னு தெரிஞ்சவளை அவ்வளவு சுலபமா அனுப்ப முடியாது" என்றார்கள். மூவரையும் ஒயர்மேன் பரீட்சைக்கு உட்கார வைப்பது அவர்களுடைய பிடிவாதம்.

மோட்டாரைப் புறங்கையால்தான் தொட வேண்டும் என்பது முதல் பாடம். உள்ளங்கையால் தொட்டால் மின்சாரம் கையை மூடிக்கொள்ள வைத்துவிடும். இரண்டாவது பாடம் வளையல். பித்தளை வளையல் மின்சாரத்தைக் கடத்தும், கண்ணாடி வளையல் உடைந்து சுருளுக்குள் விழும். எனவே சோதனை அறை வாசலில் வரிசையாக ஆணி அடித்து, உள்ளே போகும்போது கழற்றி மாட்டச் சொன்னார்கள். முதல் ஆணி அம்மையாருடையது. மின்சாரம் வரும் பெரிய சுவிட்சு அந்த வாசலுக்கு வெளியே இருந்தது. ஆணியில் வளையல் தொங்கினால் உள்ளே யாரோ கம்பியில் கை வைத்திருக்கிறார்கள், சுவிட்சைத் தொடக்கூடாது. இதுதான் சட்டம்.

சுவிட்சுப் பொறுப்பு முனுசாமிக்கு. ஆரம்பத்தில் அவர் நக்கலடிப்பார்.

"இன்னாம்மா இது, பட்டறையா வளையல் கடையா?"

"கடைதான் அண்ணாத்தே. வாங்க முடியாது, பாத்துட்டுப் போகலாம். பாக்காம சுவிட்சைப் போட்டாத்தான் வம்பு!"

எதிர்ப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. மூவரில் ஒருத்தியான அயனம்பாக்கத்துச் சரோஜாவின் தாயார் கன்னியம்மா, கழனி வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தார். "கண்ணாலம் ஆவாத பொண்ண மூளிக் கையோட நிக்க வெக்கிறியே, இன்னா ஞாயம்மா இது?"

"கரெண்டுக்குக் கல்யாணம் ஆனவ, ஆகாதவ தெரியாதும்மா. சாயங்காலம் நானே மாட்டி அனுப்பறேன்." சொன்னபடி தினமும் தம் கையாலேயே மாட்டி அனுப்பினார்கள்.

இந்த வருஷம் அவர்களுடைய கணவர் விஷக் காய்ச்சலில் இறந்தார். அம்மையார் திரும்பி வந்தபோது கையில் வளையல் இல்லை. காலையில் எதிரே பட்டால் அபசகுனம் என்று ஒதுங்கிப் போன ஆட்களை நான் பார்த்தேன். அம்மையாரும் பார்த்தார்கள். தம் ஆணியில் ஒரு சிவப்பு நாடாவை மாட்டி, எல்லோரையும் கூப்பிட்டு, "இனிமே எனக்கு இதுதான் அடையாளம்" என்றார்கள்.

விபத்து நடந்த அன்று மதியம் பெண்கள் வழக்கம்போல வளையலை எடுத்து மாட்டிக்கொண்டு சாப்பிடப் போனார்கள். அவசரமான மோட்டார் ஒன்று கிடந்ததால் அம்மையார் மட்டும் உள்ளே. முனுசாமி வந்தார், ஆணிகளைப் பார்த்தார், சுவிட்சைப் போட்டார்.

"பாத்தேன் சார்" என்று என்னிடம் அழுதார். "நாடா இருந்திச்சு. அம்மா சொல்லித்தான் வெச்சாங்க. ஆனா கண்ணு வளையலத் தேடியே பழகிப்போச்சு சார். வளையலு இல்ல, போட்டுட்டேன்."

முதலாளி ஒரே பேச்சாக முடிக்கப் பார்த்தார். "பொம்பளைங்களே வேணாம்பா. ராசியில்லாம போச்சு."

"ராசி இல்லாம இல்லீங்க. சுவிட்சுக்குப் பூட்டு இல்லாமத்தான் போச்சு" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். "திங்கட்கிழம பெத்தவங்களே கொண்டாந்து வுட்டா வெச்சிக்கிறேன். இல்லன்னா அந்த ரூமை மூடிடு."

நான் சுவிட்சுப் பெட்டிக்குப் பூட்டு போட்டேன். அரை மணி நேர வேலை. இதை முன்பே நான் செய்திருக்க வேண்டும். விதி என்று ஆறுதல் சொல்ல வந்தவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம்.

திங்கட்கிழமை இரண்டு பெண்கள் வரவில்லை. ஒருத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். இன்னொரு வீட்டில் கதவே திறக்கவில்லை.

சங்கு ஊதின பிறகு கன்னியம்மா வந்தார். பின்னால் சரோஜா, கை நிறைய வளையலோடு. மகளுக்குச் சேர வேண்டிய கூலியை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இருந்தாலும் சரோஜாவிடம் புதுப் பூட்டின் சாவியை நீட்டினேன்.

"பெட்டியப் பூட்டி, சாவிய இடுப்புல செருகிக்கிட்டுத்தான் உள்ள போகணும். அப்புறம் யாராலயும் சுவிட்சப் போட முடியாது."

"சாவி இருக்கட்டும் நைனா" என்றார் கன்னியம்மா. மகளின் கையைப் பிடித்து, வளையல்களை ஒவ்வொன்றாகத் தாமே கழற்றினார். முதல் ஆணியில் சிவப்பு நாடா அப்படியே தொங்கியது. அதன் மேலேயே வளையல்களை மாட்டினார். பிறகு முனுசாமியின் பக்கம் திரும்பினார்.

"எம் பொண்ணு உள்ள கீறா. நல்லா பாத்துக்கோ."

முனுசாமி தலையை நிமிர்த்தவில்லை. "பாத்துக்கினேன்மா" என்று மட்டும் சொன்னார்.

மூன்றில் ஒன்று. இதை வெற்றி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கனகவல்லி அம்மா, மற்ற இரண்டு வீடுகளுக்கும் நான் நடப்பேன். பேசத் தெரியாதவன், கன்னியம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பரீட்சைக்குச் சரோஜாவின் பெயரைக் கொடுத்தாகிவிட்டது. இப்போது உள்ளே உங்கள் மேசையில் குனிந்திருக்கிறாள், சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. நீங்கள் போய் வாருங்கள்.