கேட்காமல் கை வைக்காதவர்

"இவ்வளவு எடுக்கட்டோ?"

காதோரத்து முடியை இரண்டு விரலால் பிடித்துக் கண்ணாடியில் எனக்குக் காட்டுகிறார் மார்க்கண்டு. தலையை ஆட்டினால் போதாது, வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கத்தரிக்கோல் நகரும். அடுத்த காதுக்கு வந்ததும் அதே கேள்வியை மறுபடி கேட்பார். ஒரு காதில் எடுத்த அளவுதானே மறு காதிலும், இதற்கும் ஒரு கேள்வியா என்று நான் சலித்துக்கொண்டால், "தலை உங்கட, தம்பி. கத்தரிக்கோல் மட்டும்தான் என்ர" என்பார்.

தோஹாவில் நஜ்மா பக்கம் இரண்டு நாற்காலி போட்ட சலூன் அது. மார்க்கண்டு யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தொடப்போகிறவர், எப்போதும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பேசும்போது வெட்ட மாட்டார், வெட்டும்போது பேச மாட்டார். வெள்ளிக்கிழமையானால் தொழிலாளர் கேம்ப் ஆட்கள் கதவு வரைக்கும் நின்றுகொண்டு "யல்லா அண்ணே, யல்லா" என்று அவசரப்படுத்துவார்கள். அவர் காதில் விழாது. பொறுமை இல்லாதவர்கள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். எனக்கும் பொறுமை கிடையாது, ஆனாலும் இங்கேயே கிடக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட மனிதர் போன வருடம் என் மீசையை எடுத்துவிட்டார். கேட்கவே இல்லை. ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்த சமயம். அன்று அவர் கண்ணில் ஒரு பளபளப்பு, வாயில் ஓயாத பேச்சு. வளைகுடா முழுக்க சலூன் திறக்கப் போகிறாராம், எனக்கு மானேஜர் வேலையாம். நான் சிரித்து முடிப்பதற்குள் மீசை துண்டின் மேல் கிடந்தது. எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். அந்த வாரமே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், மீசை மறந்தே போயிற்று.

திரும்பி வந்தபின் அவரே சொன்னார். மனம் தலைகால் தெரியாமல் கிளம்பிவிடும் நோய் அவருக்கு வெகுகாலமாக உண்டு. அதைப் பிடித்து நிறுத்தும் மாத்திரையும் உண்டு. மாத்திரை மனத்தை நிறுத்தியது, கையை நடுங்க வைத்தது. சவரக்கத்தி பிடிக்கிறவருக்குக் கை நடுங்கினால் அப்புறம் என்ன இருக்கிறது? யாரிடமும் மூச்சுவிடாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். கராச்சிக்கார டாக்டர் ஹாலிதா, ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று உருதுவில் கேட்கும்போதெல்லாம் "அச்சா, அச்சா" என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

எங்களைக் காதுக்குக் காது கேட்கிறீர்களே, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்றேன்.

"டொக்டரிட்ட ஆர் தம்பி கேள்வி கேக்கிறது? கபீலுக்குத் தலையாட்டி ஆட்டி, எல்லாருக்கும் ஆட்டப் பழகிப்போச்சு."

அவருக்கு விசா கொடுத்த முதலாளி, கபீல் மக்தூம், கெட்டவர் இல்லை. ஆனால் இன்னொரு முறை இப்படி ஆனால் கலாஸ், எல்லாம் முடிந்தது, ஊருக்கு டிக்கெட்தான் என்று சொல்லிவிட்டார். ஊரிலோ மறுபடி சண்டை மூண்டு யாழ்ப்பாணம் போகும் பாதை பூட்டிக் கிடந்தது. மாத்திரை போட்டால் தொழில் இல்லை, போடாவிட்டால் விசா இல்லை. மனிதர் எந்தப் பக்கம் திரும்புவார்?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவை டாக்டரைப் பார்க்கப் போனவர், கையை மேசைமேல் நீட்டி, மாத்திரையை நிறுத்தியதைச் சொல்லிவிட்டார். வசவு விழும் என்றுதான் எதிர்பார்த்தார். ஹாலிதாவோ, உங்கள் தொழில் என்னவென்று நான் ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்று தன்னையே நொந்துகொண்டாராம். பிறகு நிதானமாக விளக்கினார். வேறு மருந்துக்கு மாறலாம், கை நடுக்கம் நிற்கும், ஆனால் உடம்பு ஊதும், பகலில் தூக்கம் தள்ளும். இதே மருந்தைக் குறைத்து ராத்திரியில் மட்டும் போடலாம், ஆனால் அடிக்கடி ரத்தம் சோதிக்க வேண்டும், நோய் மறுபடி தலைதூக்கவும் கூடும். உங்களுக்கு எது தோது? மார்க்கண்டுவுக்கு வேர்த்துவிட்டது. நீங்களே ஒன்று சொல்லுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். டாக்டர் மசியவில்லை, யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த தடவை, குறைத்துப் பார்ப்பது என்று இருவருமாக முடிவு செய்தார்கள். மனம் கிளம்பினால் முதலில் யார் கண்ணில் படும் என்று டாக்டர் கேட்டதற்கு, இவர் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். என்னிடம் வந்து சம்மதமும் கேட்டார்.

"நான் கேக்காமல் உங்கட தலையில கை வச்சால், ஒண்டும் யோசியாதேங்கோ. டொக்டருக்கு ஒரு கோல் எடுங்கோ."

நம்பர் என் மொபைலில் இருக்கிறது. இதுவரை தேவைப்படவில்லை. அந்தத் தொணதொணப்புக் கேள்வி இப்போதெல்லாம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னதில்லை, சொன்னால் மூன்று தடவை கேட்க ஆரம்பித்துவிடுவார்.

சவரம் மட்டும் மாதக்கணக்காக மெஷினில்தான் நடந்தது. போன வெள்ளிக்கிழமை புது பிளேடை உறை கிழித்துக் கத்தியில் மாட்டினார். மாட்டிய கையை என் கண்ணுக்கு நேரே நீட்டிக் காட்டினார். கை ஆடாமல் நின்றது. சுண்டுவிரல் மட்டும் ஒருமுறை லேசாக அசைந்து அடங்கியது. அதை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

"இவ்வளவுதான் மிச்சம். வேண்டாமெண்டால் மெசின் கிடக்கு."

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கழுத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டேன். கத்தி வரவில்லை. கண்ணைத் திறந்தால், சோப்பு நுரைக்கு ஒரு சாண் மேலே கத்தியைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறார்.

"வாயால சொல்லுங்கோ, தம்பி."