ஒன்பது பக்கப் புதிய வசதிகள்

நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு, இனிமேல் இன்னும் நன்றாக ஓடும் என்று சொல்லிவிட்டு வருவதுதான் என் தொழில். "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று போனில் ஒரு பெண் குரல் சொல்கிறதே, நீங்களும் ஒன்றை, இரண்டை, கடைசியில் ஒன்பதை அழுத்திவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொள்கிறீர்களே, அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்குள் செருகிய ஓர் அட்டையில்தான் டெலிபோன் லைன்களெல்லாம் வந்து சேரும். அட்டையை மாட்டுவது, பழுது பார்ப்பது, அதன் சாஃப்ட்வேரைப் புதுப்பிப்பது என்று பதினாறு வருடமாக அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஸ்கூட்டரில் சுற்றுகிறேன். நீங்கள் திட்டுவது என்னவோ அந்தக் குரலைத்தான். வந்து சேருவது எனக்கு.

ஒன்பது பக்கம்

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, அட்டை தயாரிக்கும் கம்பெனியிலிருந்து அப்டேட் வந்தது. கூடவே 'புதிய வசதிகள்' என்று ஒன்பது பக்க அறிக்கை. எதிர்முனையில் எடுப்பது மனிதரா, பதிவு செய்த குரலா என்று அட்டையே கண்டுபிடிக்கும். பேசுகிறவர் மூன்று விநாடி மௌனமாக இருந்தால் லைனை வெட்டி அடுத்தவருக்குக் கொடுக்கும். ஒரே நம்பரிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவைக்கு மேல் அழைப்பு வந்தால் 'தொல்லை' என்று முடிவு கட்டி ஒதுக்கிவிடும். எங்கள் மேனேஜர் வாசித்து முடித்துக் கைதட்டினார். நாங்களும் தட்டினோம். பதினான்கு இடங்களில் பதினைந்து நாளுக்குள் போட்டு முடிக்க வேண்டும் என்றார்.

தாமு மட்டும் தட்டவில்லை. ஆபீஸில் உட்கார்ந்து வாடிக்கையாளர் போனுக்குப் பதில் சொல்கிறவன் அவன். கொரட்டூர்க்காரன். யார் எப்படித் திட்டினாலும் சிரித்துக்கொண்டே கேட்பான். அறிக்கையை இரண்டு தடவை புரட்டிவிட்டு என்னிடம் சொன்னான்: "யக்கா, ஒம்போது பக்கத்துல ஒரு எடத்துலகூட போன் பண்றவன் யாருன்னு போடல பாரு."

மெஷினா, ஆளா

திருமழிசையில் ஒரு மாட்டுத் தீவனக் கம்பெனி. லோடு கிளம்பியதும் அட்டையே டீலர்களுக்குப் போன் போட்டு, "இன்று சரக்கு வருகிறது, ஆள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும். வெள்ளானூரில் ஏகாம்பரம் என்று ஒரு டீலர். அப்டேட் போட்ட நாளிலிருந்து அவருக்கு மட்டும் தகவல் போகவில்லை. லாரி போய்ப் பூட்டிய கடையைப் பார்த்துவிட்டு இரண்டு தடவை திரும்பியது. மனிதர் நேரே கம்பெனிக்கே வந்துவிட்டார். நான் அங்கேதான் இருந்தேன்.

பதிவைப் போட்டுக் கேட்டேன். ஏகாம்பரம் போனை எடுத்ததும் ஒரே மூச்சில், "வணக்கம், அம்மன் துணை, ஏகாம்பரம் தீவனக் கடை, வெள்ளானூர் மெயின் ரோடு, ஸ்கூல் எதிர்ல, சொல்லுங்க" என்கிறார். மற்றவர்கள் 'அலோ' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இவ்வளவு நீளமாக, நடுவில் நிற்காமல் பேசுவது பதிவு செய்த குரலாகத்தான் இருக்க முடியும் என்று அட்டை முடிவு செய்து போனை வைத்துவிட்டது. இதை அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொன்னேன். இனிமேல் 'அலோ' மட்டும் சொல்லிப் பாருங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். அவர் கத்தியிருந்தால் தேவலை. ஊரில் பாதி வீட்டு மாடுகள் இரண்டு நாளாக வெறும் வைக்கோலைத் தின்கின்றன என்றார் மெதுவாக. அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "மரியாதையா பேசினா மெஷினு, மொட்டையா பேசினா மனுசன். அப்டித்தானேம்மா?"

ஒரே ஒரு பாராட்டு

அந்த அப்டேட்டைப் பாராட்டியவர் ஒருவர் உண்டு. பூந்தமல்லி பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர். தண்ணீர் வரவில்லை, லிஃப்ட் நின்றுவிட்டது என்று குடியிருப்பவர்கள் புகார் சொல்லும் லைனில் எங்கள் அட்டை இருந்தது. "புகாரே வர்றதில்ல மேடம், சூப்பர்" என்று அவராகவே போன் செய்தார். உடனே வண்டியை எடுத்தேன். போய்ப் பார்த்தால், தண்ணீர் கேட்டுத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் 'தொல்லை' பட்டியலில் இருந்தார்கள். முக்கால்வாசிக் கட்டடமே அதில்தான் குடியிருந்தது. விஷயத்தை விளக்கினேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அது எனக்கும் தெரியும் மேடம். நீங்க அதுல கை வைக்காதீங்க."

மூன்று விநாடி

ஆவடியில் ஒரு தனியார் கிளினிக். போன் செய்து, 'பீப்' ஒலி கேட்டதும் கூப்பிடுகிறவர் பெயர், நோயாளியின் வயது சொன்னால் டோக்கன் நம்பர் வரும். அன்று நான் லைன்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் கவுன்டரில் வந்து நின்றார். உள்ளே இருந்த பெண் தலை நிமிராமல், "போன்லதான் சார் டோக்கன்" என்றாள். அவர் ஒரு தாளை நீட்டினார். 'நாலு நாளா பண்றேன். கட் ஆகுது.'

பெயர் வேலாயுதம். பட்டாபிராமில் தையல் கடை. என் எதிரிலேயே ஒரு தடவை போன் செய்யச் சொன்னேன். 'பீப்' கேட்டது. "வே..." என்றார். அடுத்த எழுத்து வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, உதடு துடித்தது, கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று. "நன்றி, மீண்டும் அழைக்கவும்" என்றது குரல். டோக்கன் அவருக்கு இல்லை, மனைவிக்கு. சர்க்கரைக்காரி, காலில் புண். அன்றே நான் கெஞ்சி டோக்கன் வாங்கிக் கொடுத்தேன். மத்தியானம் மனைவியைக் கூட்டி வந்தார். ஏன் நான்கு நாள் தள்ளிப்போட்டீர்கள் என்று டாக்டர் கோபமாகக் கேட்டாராம். அதற்கும் அவரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மூன்று விநாடியை இருபதாக மாற்றிவிட்டு வெளியே வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் சொல்லி முடிக்க வெகு நேரம் ஆனது. நான் காத்திருந்தேன். "எ... எங்க ஊட்ல அவ... கா... காத்துகினு இருப்பா மேடம். நா பேசி முடிக்கிற வரிக்கும்."

தொல்லை

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அழுத்தி வளைக்கும் ஒரு பிரஸ் கம்பெனி. வேலைக்கு உள்ளே போகிறவர்கள் செல்போனை வாசலில் லாக்கரில் வைத்துவிட வேண்டும். வீட்டில் அவசரமென்றால் கம்பெனி நம்பருக்குத்தான் அடிக்க வேண்டும். வேறெதற்கோ போன நான், மத்தியானம் ஒரு மணி வாக்கில் சும்மா பட்டியலைத் திறந்தேன். காலை பத்திலிருந்து ஒரே நம்பர், இருபத்து மூன்று தடவை. எதிரே 'தொல்லை'. "எதாவது விளம்பரக் கம்பெனியா இருக்கும் மேடம்" என்றார் அங்கிருந்த அதிகாரி. நான் அந்த நம்பருக்கு அடித்தேன். எடுத்த பெண் அலோகூடச் சொல்லவில்லை. "முருகேசன் இருக்காரா? பிரஸ் ஷாப் முருகேசன். அவங்க நைனாவுக்கு மூச்சு வாங்குது. புள்ளைய இட்டுகினு வான்னு சொல்லிகினே கீறாரு."

ஓடினேன். சூப்பர்வைசரிடம் சொல்லி முருகேசனை வெளியே அழைத்து, என் ஸ்கூட்டரிலேயே உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் அவர் ஒரே ஒரு தடவை, "எப்ப போன் வந்துச்சு மேடம்?" என்று கேட்டார். "இப்பதான்" என்றேன். அது பொய். அண்ணனூரில் ரயில் ஷெட்டுக்குப் பின்னால் அவர் தெரு. திரும்பும்போதே வாசலில் ஆட்கள் நிற்பது தெரிந்தது. யாரோ நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் வண்டி நிற்கும் முன்பே குதித்து உள்ளே ஓடினார். பெரியவர் போய்க் கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது.

முருகேசன் மனைவி அஞ்சலை வெளியே வந்து, நான் கம்பெனி ஆள் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த போனுக்கு மெஷின் போட்டது நான்தான் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவள் கையை விடவில்லை. "இருபத்தி மூணு தபா அடிச்சேன்க்கா. ஒவ்வொரு தபாவும், உங்க அழைப்பு எங்களுக்கு முக்கியம்னு ஒரு பொண்ணு சொல்லிச்சு."

பதில்

அன்று சாயங்காலமே நடந்தது அத்தனையும் அட்டைக் கம்பெனிக்கு எழுதினேன். ஒரு வாரம் கழித்து ஒரு வரி பதில் வந்தது: மென்பொருள் வடிவமைத்தபடியே சரியாக இயங்குகிறது. பதில் வருவதற்குள் நான் பதினான்கு இடங்களுக்கும் போய், யாரையும் கேட்காமல், அந்த மூன்று வசதிகளையும் அணைத்துவிட்டேன். புகார்கள் மறுபடி வர ஆரம்பித்ததால் பூந்தமல்லி செயலாளர்தான் என்னைக் காட்டிக் கொடுத்தார். எனக்கு மெமோ வந்தது. பிரஸ் கம்பெனியில் நடந்ததை மேனேஜரிடம் சொன்னேன். அவர் மெமோவின் நகலை ஃபைலில் செருகிவிட்டு, "அதுக்காக ப்ராசஸை மீறலாமா?" என்றார்.

இரண்டு மாதத்தில் அடுத்த அப்டேட் வந்தது. அதில் ஒரு வரி: களப் பணியாளர்கள் தவறுதலாக அணைத்துவிடுவதைத் தவிர்க்கும்பொருட்டு, இவ்வசதிகளை இனி அணைக்க இயலாது. தாமு அதை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினான். முதல் தடவையாக அவன் சிரிக்கவில்லை. "இனிமே தப்பித்தவறிகூட நல்லது பண்ண முடியாது போல கீதுக்கா."

ஊரார் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வழி செய்கிறோம் என்ற பெருமையில்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். இப்போது அவசரமென்றால் என் வீட்டுக்காரர் அதே அட்டை மாட்டியிருக்கும் எங்கள் ஆபீஸ் நம்பருக்குப் போன் செய்வதில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு நேரே வந்துவிடுகிறார்.