பூநாரை நிற்கும் ஆழம்

பூநாரையைப் பார்த்ததும் வாயைப் பிளப்பவர்களை எனக்குப் பிடிக்காது. நான் படித்தது விலங்கியல். ஆராய்ச்சி செய்வது எண்ணூர்க் கழிமுகத்துப் பறவைகளைப் பற்றி. நீயே இப்படிச் சொல்லலாமா என்று கேட்பார்கள். சொல்லலாம். பறவை மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அதன் பெயரைச் சொல்லிப் பெரிய மனிதர் ஆகிறவர்களைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் அந்தக் கழிமுகத்தை ஒட்டியிருக்கும் காத்திவாக்கத்துக்காரி. என் தம்பி ஃபைபர் படகில் மீன் பிடிக்கிறவன். அம்மா ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பாள். பிடித்ததைப் பறிக்குள் போட்டுக்கொண்டே போவாள். ஆற்றில் இருக்கும் வரை அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது. என் படிப்பு அந்தப் பறியிலிருந்து வந்ததுதான்.

ஆராய்ச்சிக்கு என்னைத் தம்பிதான் படகில் கூட்டிப்போவான். நான் பறவைகளை எண்ணி முடிக்கும் வரை பீடியைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருப்பான். அப்படி எண்ணி எண்ணி நான் கண்டுபிடித்தது ஒன்றும் பெரிய ரகசியமில்லை. பக்கத்து அனல்மின் நிலையத்துச் சாம்பல் வருடக்கணக்காக ஆற்றில் கலந்து படிந்து, நடு ஆறே மேடாகிவிட்டது. முங்கி மீன் பிடிக்கிற நீர்க்காகம் குறைந்தது. மேலிருந்து பாய்கிற ஆலா குறைந்தது. நெட்டைக் காலை ஊன்றி நின்று சேற்றை அலசித் தின்கிற பூநாரை மட்டும் கூடிக்கொண்டே போனது. பூநாரை நிற்கிற இடத்தில் படகு ஓடாது. என் ஆராய்ச்சி மொத்தமும் இந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் பல்கலைக்கழகத்துக்காகச் சேர்த்த பக்கங்கள்.

எங்கள் மீனவக் குப்பத்து ஜனங்கள் மனு கொடுத்து, சாலையில் உட்கார்ந்து, அடியும் வாங்கி, கடைசியில் ஒரு குழு வந்தது. சாம்பலை வாரி ஆற்றை ஆழப்படுத்துவதா வேண்டாமா என்று குழு சொல்ல வேண்டும். ஆழப்படுத்தினால் தம்பியின் படகு கடலுக்குப் போகும். இல்லையென்றால் கரையிலேயே மக்கிப்போகும். குழுவுக்குத் தலைவர் ஒரு பறவை நிபுணர். நம்ம ஆள் வருகிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன். என் கணக்குகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே அவருக்கு அனுப்பியும் வைத்தேன்.

வந்தார். உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த சட்டை, கழுத்தில் பைனாகுலர், காலில் பளபளக்கிற புது ஷூ. கூடவே இரண்டு அதிகாரிகள். அவர் இருமினால்கூட மண்டையை ஆட்டினார்கள். எல்லோரும் தம்பியின் படகில் ஏறினோம். நடு ஆற்றில் படகு தரைதட்டி நின்றது.

"இதுக்கு மேல போவாது சார். சாம்பல் தட்டுது" என்றான் தம்பி.

எனக்கு உள்ளுக்குள் குஷி. குழுவே நடு ஆற்றில் சிக்கிக்கொண்டது, இனி என்ன சாட்சி வேண்டும்? நிபுணரோ எதிரே கூட்டமாக நின்ற பூநாரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அற்புதம்! இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாமா?" என்றார். தன் ஷூவைக் குனிந்து பார்த்தார். பிறகு என் தம்பியின் முதுகைப் பார்த்தார்.

தம்பி அவரை முதுகில் ஏற்றிக்கொண்டான். நான் பின்னால் நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் அவன் கால் முழங்கால் வரை சாம்பலில் புதைந்தது. மேலே இருந்தவர் கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்கவே இல்லை. "ஆழம் குறைஞ்சது எவ்வளவு நல்லதாப் போச்சு பாருங்கம்மா" என்றார் என்னிடம். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். மனப்பூர்வமாகத்தான் சொல்லியிருந்தார். கீழே சாம்பல் இருந்தது அவருக்குத் தெரிய நியாயமில்லை. புதைந்த கால் அவருடையது இல்லையே.

கரைக்கு வந்ததும் நீர்க்காகத்தைப் பற்றியும் ஆலாவைப் பற்றியும் சொன்னேன். இறாலைப் பற்றியும் சொன்னேன். டீயை ஊதிக்கொண்டே கேட்டுவிட்டு, "நீங்க உள்ளூர்ப் பொண்ணு. அதான் உணர்ச்சிவசப்படறீங்க. ஆராய்ச்சியில அது கூடாது" என்றார். இன்னொருத்தன் முதுகில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்யலாம் போலிருக்கிறது, உணர்ச்சிதான் கூடாது.

தம்பிதான் என்னை அடக்கினான். "வுடுக்கா, பேஜாரு பண்ணாத. நல்ல மன்சனாதான் கீறாரு. தோள தட்டிக் குடுத்தாரு பாத்தியா?"

குழுவின் முடிவு வந்தது. பூநாரைகள் பெருகியிருப்பதால் கழிமுகம் நலமாக இருக்கிறதாம். தோண்டினால் அவற்றின் வாழிடம் அழியுமாம். ஆகவே தோண்டக் கூடாது, பறவை பார்க்க ஒரு கோபுரம் கட்டலாம். ஆதாரம் என் கணக்கு. அதில் பூநாரையை மட்டும் பொறுக்கிக்கொண்டு, குறைந்துபோன பறவைகளைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார். கடைசியில் எனக்கு நன்றி வேறு. கொட்டிய சாம்பல் பறவைகளுக்குக் கட்டிக்கொடுத்த வீடாகிவிட்டது. கொட்டியவர்களே இப்படி ஒரு சப்பைக்கட்டை யோசித்திருக்க மாட்டார்கள். மறுத்து எழுதினேன். கருத்து பதிவு செய்யப்பட்டது என்று பதில் வந்தது.

படகுகளை ஏற்றி நிறுத்திய இடத்தில்தான் இப்போது கோபுரம் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீள லென்ஸ்களோடு கார்கள் வருகின்றன. தம்பியின் படகு கவிழ்ந்து கிடக்கிறது. தன்னைச் சுமந்தவனை நிபுணர் மறக்கவில்லை, அவரே சொல்லி வேலை வாங்கிக்கொடுத்தார். பறவைக் காவலர். தொப்பி உண்டு, விசில் உண்டு. பறவைகளை யாரும் கலைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே ஆற்றில் இறங்குகிற எல்லோரும் எங்கள் சொந்தம்தான்.

போன மாதம் எண்ணப் போனேன். படகு இல்லாததால் நடந்தே இறங்கினேன். தம்பி ஓடி வந்தான்.

"அக்கா, எறங்காத. பறவ எயுந்துடும்."

"நீயாடா சொல்ற?"

"இன்னா பண்ண சொல்ற? படகு மக்கிக்கினு கெடக்குது. வூட்ல அடுப்பு எரிய வோணாவா? மேல அந்த சார் வந்துகிறாரு, அப்பால வாக்கா."

நிமிர்ந்தேன். கோபுரத்தில் நிபுணர், விருந்தாளிகளுக்கு என் ஆற்றைக் காட்டிக்கொண்டிருந்தார். பைனாகுலர் மெதுவாகத் திரும்பி ஓர் இடத்தில் நின்றது. "தம்பி, அங்கே பறவைங்க பக்கத்துல ஒரு அம்மா! வெளியே வரச் சொல்லுப்பா" என்று கத்தினார்.

அங்கே எங்கள் அம்மா இருந்தாள். இடுப்பளவு தண்ணீர் இப்போது எங்கேயும் இல்லாததால் உட்கார்ந்தபடியே நகர்ந்து இறால் தடவிக்கொண்டிருந்தாள்.

அது யாரென்று தம்பி மேலே இருந்தவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு அவரை நான் மதிக்கவில்லை. தம்பி என்னைப் பார்த்தான், கோபுரத்தைப் பார்த்தான், விசிலை வாயில் வைத்து ஊதினான்.

சத்தத்துக்குப் பூநாரைகள் மொத்தமும் எழுந்து பறந்தன. கோபுரத்தில் கைதட்டினார்கள். அம்மா திரும்பி அவனைப் பார்த்தாள். பல்லில் பறி இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.