ஒனோரின் அக்காவின் பீச் பழக் கிண்ணம்

"போப்பாண்டவரே ரோமாபுரியிலேருந்து நடந்து வந்தாலும் சரி, ரெண்டு மணிக்கு மேல வந்தா அவருக்குப் பாலாடைக்கட்டிதான். என் பீச் பழம் எவனுக்காகவும் காத்திருக்காது. நானும் காத்திருக்க மாட்டேன்."

ஒனோரின் கப்ரோல் இந்தப் பிரகடனத்தைச் செய்தது 1961 ஜூலையில், கால்வாய்க் கரையில் தன் சாப்பாட்டுக் கடையைத் திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. கையில் கரண்டி. பதினோரு மேசைக்கும் கேட்கிற குரல். அதற்குப் பிறகு எங்கள் நாட்டில் எத்தனையோ சட்டங்கள் வந்தன, திருத்தப்பட்டன, மறக்கப்பட்டன. இந்த ஒரு சட்டத்தின் மீது மட்டும் முப்பத்தாறு கோடைகளாக எவரும் கை வைக்கவில்லை.

போப்பாண்டவர் கடைசிவரை வரவில்லை. எச்சரிக்கையான மனிதர்.

சட்டத்தின் விவரம் இது. காலை பதினொன்றுக்குப் பழங்களைக் கொதிநீரில் முக்கி எடுத்துத் தோலை உரிப்பார். வெள்ளைச் சதையுள்ள, திராட்சைத் தோட்டத்து வரப்புகளில் காய்க்கிற பீச். துண்டு போட்டு, சர்க்கரையைப் பேருக்குத் தூவி, எலுமிச்சை வாசனை அடிக்கிற இலை இரண்டைக் கிள்ளிப் போடுவார். மாதா கோயில் மணி பன்னிரண்டு அடிக்கும்போது எங்கள் ஊர் முஸ்கா ஒயினை ஊற்றுவார். முஸ்கா என்பது தேனுக்குத் தங்கை முறை. அதைச் சாப்பாட்டுக்கு நடுவில் குடிப்பவனை நாங்கள் வெளியூர்க்காரன் என்று கண்டுகொள்வோம். கிண்ணங்கள் நிலவறைக்குப் போகும். ஒன்றரை மணிக்கு அங்கிருந்து மேலே வரும். இரண்டு மணிக்கு மிச்சமிருப்பது எதுவானாலும் பின்வாசலில் கோழிகளுக்கு.

இரண்டு மணிக்கு மேல் என்ன ஆகும் என்று அக்காவிடம் ஒரு முறை கேட்டேன். "பழம் ஒயினுக்கு மரியாதை குடுக்கணும் தம்பி. ரெண்டு மணிக்கு மேல வச்சா அதுக்கு அடிமையாயிடும். அப்பறம் அது பழமில்ல, துணி" என்றார்.

இதனால் எங்கள் ஊரில் மிகவும் உல்லாசமான பிராணிகள் ஒனோரின் அக்காவின் கோழிகளே. ஞாயிறு மாலைகளில் அவை நேர்கோட்டில் நடந்ததாகச் சரித்திரம் இல்லை. திங்கள்கிழமை முட்டை போடாது. அக்கா அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

சட்டத்துக்குப் பெரிய சோதனை வந்தது மாவட்ட ஆட்சியர் உருவில். அதில் எனக்கும் பங்குண்டு. கடைக்கு எதிரே இருக்கும் தூக்குப் பாலத்தை இயக்குபவன் நான். ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் பாலம் மேலே போகும், காயலுக்கும் கடலுக்கும் போகிற படகுகள் கடக்கும், பாலம் கீழே வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை நிறையப் படகுகள். ஒன்றே முக்காலுக்குத்தான் இறக்க முடிந்தது. ஆட்சியர் அக்கரையிலிருந்து இக்கரை வருவதற்குள் வழியில் இருந்த கைகளையெல்லாம் குலுக்க வேண்டியிருந்தது. கடைக்குள் நுழைந்தபோது மணி இரண்டு ஐந்து. உங்கள் பீச் பழம் பிரமாதமாக இருக்கும் என்று கேள்விப்பட்டேன் என்றார். "பிரமாதமாத்தான் இருந்துச்சுங்க ஐயா. வேணும்னா கோழிகிட்டக் கேட்டுப் பாருங்க" என்று அக்கா அவர் முன் பாலாடைக்கட்டியை வைத்தார். ஆட்சியர் சாப்பிட்டார். குடியரசு அன்று தலைகுனிந்தது.

ஆனால் அந்தச் சட்டத்தின் முழுப் பாரத்தையும் சுமந்தவர் அக்காவின் கணவர் ஃபுல்க்ரான்தான். காயலில் மட்டி தோண்டுகிற மனிதர். இந்த உலகத்தில் அவசரம் என்று ஒன்று இருக்கும் செய்தியை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பகல் ஒரு மணிக்குக் கரையேறுவார். பாலம் தூக்கியிருக்கும். நான் பாலத்தை இயக்குகிற கூண்டுக்குக் கீழே நின்று பேச ஆரம்பிப்பார். பாலம் இறங்கிய பிறகும் பேசுவார், ஏனென்றால் பேச்சு முடிந்திருக்காது. அவர் கடைக்குப் போய்ச் சேரும்போது கோழிகள் கடைசித் துண்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். பின்வாசலில் உட்கார்ந்து அவற்றைப் பார்ப்பார். "நல்லாத் தின்னுங்கடி. வீட்டுக்காரன் குடுத்து வைக்கல" என்பார். உள்ளேயிருந்து அக்கா, கடிகாரம் பார்க்கத் தெரியாதவன் வேறு எதற்குத்தான் கொடுத்து வைத்தவன் என்று பதில் அனுப்புவார்.

முப்பத்தாறு கோடைகளில் ஃபுல்க்ரான் அந்தப் பழத்தைச் சாப்பிட்டது என் கணக்கில் ஐந்து முறை. அதில் ஒரு முறை கடைக் கடிகாரம் நின்றுபோயிருந்தது.

தொண்ணூற்றேழு வசந்தத்தில் அவர் தொண்டையில் கட்டி என்றார்கள். மொன்பெலியேயில் ஒரு மருத்துவமனையில் அறுத்தார்கள். குரல் போய் மூச்சுக்காற்றில் பேசினார். குழாய் வழியாக ஆகாரம். ஜூன் மாதம், மென்று தின்ன வேண்டாத உணவாக இருந்தால் இரண்டு மூன்று கரண்டி வாயால் கொடுக்கலாம் என்றார்கள். இலை உதிரும்வரை இருந்தால் அதிகம் என்றும் சொன்னார்கள். இதை அக்கா வேறு எவரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார், துடைத்த கண்ணாடிக் குவளையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு.

ஃபுல்க்ரான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டது ஒன்றுதான்: அந்தப் பீச் பழம், ஒரு தடவை. நேரத்துக்கு வந்தால் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு அக்கா வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அதையும் அவரேதான் சொன்னார்.

ஜூலைக் கடைசி ஞாயிறு ஒரு பிற்பகலுக்கு மட்டும் அவரை வீட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. பகல் பன்னிரண்டுக்கு அங்கிருந்து வண்டி கிளம்பும். ஒரு மணிக்குள் வந்துவிட்டால் பாலத்தைக் கடந்துவிடலாம். கொஞ்சம் பிந்தினால்கூட ஒன்றரைக்குக் கிண்ணத்தின் முன் உட்காரலாம். நானும் அக்காவும் காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தோம். சரியாக வந்தது.

அன்று பழங்களை அக்கா தேர்ந்தெடுத்த விதத்தை நான் பார்த்தேன். ஒரு கூடைப் பழத்தில் இரண்டே இரண்டு. தனிக் கிண்ணம். பன்னிரண்டு மணிக்கு ஒயின். ஒன்றரைக்கு எல்லா மேசைக்கும் பழம் வந்தது. வண்டி வரவில்லை. தொலைபேசியில் கேட்டால், கையெழுத்துப் போட வேண்டிய மருத்துவர் வேறு அவசரத்தில் இருக்கிறார் என்றார்கள்.

இரண்டு மணி அடித்தது. வழக்கப்படி கோழிகள் பின்வாசலில் ஆஜர். அக்கா அந்தத் தனிக் கிண்ணத்தோடு நிலவறையிலிருந்து மேலே வந்தார். நாங்கள் கரண்டியைக் கீழே வைத்தோம். கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பின்வாசலில் நின்றார். கோழிகள் அவரைப் பார்த்தன.

ஓய்வுபெற்ற தபால்காரர் பஸ்தீதுக்கு எதை எப்போது சொல்வது என்று தெரியாது. "அக்கா, மணி ரெண்டு" என்றார்.

"தெரியும். எனக்கும் கண்ணு இருக்கு."

கிண்ணத்தோடு திரும்பி நிலவறைப் படியில் இறங்கினார். கோழிகள் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு அவமானப்பட்ட பெரிய மனிதர்களைப் போலக் கலைந்தன. பஸ்தீது மிச்ச ஒயினைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார். கடையிலிருந்து யாரும் எழுந்து போகவில்லை.

நான்கு மணிக்கு நான் பாலத்தைத் தூக்கியாக வேண்டும். தூக்கினேன். முதல் படகு நடுக்கால்வாயில் இருக்கும்போது அக்கரையில் வெள்ளை வண்டி வந்து நின்றது. தூக்கிய பாலத்தைப் படகுகள் கடக்காமல் இறக்கக் கூடாது. ஒன்பது படகுகள். பதினெட்டு வருடப் பணியில் படகுக்காரர்களின் தாயாரைப் பற்றி நான் பேசியது அன்று ஒரு நாள்தான். ஃபுல்க்ரான் வண்டிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என் கூண்டைப் பார்த்துக் கையைத் தூக்கினார், பேச்சு இன்னும் முடியவில்லை என்பதுபோல. அவருக்கு அப்போதும் அவசரமில்லை.

நாலு இருபத்தைந்துக்கு இறக்கினேன். கூண்டைப் பூட்டிவிட்டு ஓடினேன்.

வண்டிக்காரர் அவரைத் தாங்கிக்கொண்டுவந்து பின்வாசல் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து தொலைந்துபோயிருந்தது. ஃபுல்க்ரான் கடிகாரத்தைப் பார்த்தார், கோழிகளைப் பார்த்தார்.

"போட்டுட்டியா?" என்றார் மூச்சுக்காற்றில்.

அக்கா கிண்ணத்தைக் கொண்டுவந்தார். நாலரை மணி நேரம் ஊறிய பழம். ஓரமெல்லாம் பழுப்பு. தன் வெள்ளையை எல்லாம் ஒயினுக்குக் கொடுத்துவிட்டுத் தொட்டால் பிரிகிற நிலைமை. அப்படி ஒன்றை அவர் கையால் எந்த மனிதனுக்கும் பரிமாறியதில்லை. முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார்.

"கெட்டுப்போச்சு. துணி மாதிரி இருக்கு. பாத்துத் தின்னு."

கரண்டியை அக்காவே பிடித்தார். ஃபுல்க்ரான் நாக்கில் வாங்கிக்கொண்டார். மெல்ல வேண்டியிருக்கவில்லை. பழம் தானாகக் கரைந்தது. விழுங்கினார். இரண்டு மாதமாக ஒரு வாய்த் தண்ணீரை விழுங்கக்கூட வலியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்ட மனிதரின் கை மடியிலேயே இருந்தது. இரண்டாவது கரண்டி. சற்று இளைப்பாறினார்.

"நான் இத்தன வருசமா சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கேன். நீதான் முந்தி முந்தி எடுத்துட்ட" என்றார்.

அக்கா மூன்றாவது கரண்டியைக் கொடுத்தார். அதற்கு மேல் ஃபுல்க்ரானால் முடியவில்லை. கிண்ணத்தை விரலால் தள்ளினார்.

"மிச்சத்த வை. அடுத்த ஞாயிறு வந்து திங்கறேன்."

அந்தப் பழம் ஒரு வாரத்தில் என்னவாகும் என்பது இந்த உலகத்தில் அக்காவை விட நன்றாகத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

"வைக்கிறேன்" என்றார். அவர் வாயைத் துடைத்துவிட்டார். "எப்ப வேணாலும் வா."

வெள்ளிக்கிழமை காலை மாதா கோயிலில் ஃபுல்க்ரானுக்காகத் துக்க மணி அடித்தது. அந்த ஞாயிறு கடை மூடியிருந்தது. அடுத்த ஞாயிறு திறந்தார். பன்னிரண்டுக்கு ஒயின், ஒன்றரைக்குப் பழம், இரண்டுக்குக் கோழிகள். ஒரு நிமிடம் கூட முன்பின் இல்லை. பஸ்தீது தாமதமாக வந்து பாலாடைக்கட்டி சாப்பிட்டார், ஒரு விதமான நிம்மதியோடு.

ஒரு புட்டி எடுத்துவரச் சொல்லி என்னை நிலவறைக்கு அனுப்பினார் அக்கா. அடியில் கல் பலகையின் மூலையில் அந்தக் கிண்ணம் இருந்தது. மேலே ஒரு தட்டு கவிழ்த்திருந்தது. தட்டின் மேல் கரண்டி. கிட்டே போனபோது காடி வாசனை அடித்தது. புட்டியை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன்.

"கீழ எதையும் நகத்தலையே தம்பி?" என்றார்.

"இல்லக்கா."

"சரி" என்று புட்டியை வாங்கிக்கொண்டார்.